முறம் வந்து தங்கிய மனை

மேற்கிலும் வடக்கிலும் கன்னட நாட்டு எல்லை கூப்பிடு தொலைவில் கிடக்க, கிழக்கே சூளகிரிப் பக்கம் இறங்கிக் கிருட்டிணகிரியை நோக்கிப் படிப்படியாய்ச் சரிந்து செல்லும் ஓசூர் மேட்டுநிலத்தின்மேல், ஐப்பசி மாதத்து மாலைப்பொழுது ஒன்று, வேலை முடிந்தும் வீடு போக மனமில்லாதவனைப்போல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. தொழிற்கூடங்களின் சங்கொலி ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்து ஓய, பகல் முறையினர் வெளியேறவும் இரவு முறையினர் உட்புகவும், அவ்விரு திறத்தாரையும் சுமந்த பேருந்துகள் பெருஞ்சாலையில் ஒன்றையொன்று உரசாத குறையாய் ஊர்ந்தன. சாலைக்கு அப்பால் கேழ்வரகுக் கொல்லைகளும், தக்காளித் தோட்டங்களும், நெகிழிக் கூரையின்கீழ் மலரும் ரோசாச் செடிகளும், அவற்றுக்கும் அப்பால், யாரும் அண்ணாந்து பாராத பாறைக்குன்றுகளும் மழைமூட்டத்தில் மங்கிக் கிடந்தன. தமிழ்ச்சுவை தேர்ந்த அன்பரே, காலடியில் நிலம் உயர்கிறதா தாழ்கிறதா என்று நோக்கி நடப்பார் இக்காலத்தில் எவர் உளர்? நீர் நோக்குவீராயின் மகிழ்ச்சி. நோக்காவிடினும் உம்மைக் குறை சொல்வதற்கில்லை, அத்தனை களைப்பு எல்லார் காலிலும் இருக்கிறது.

அப்பேருந்துகளுள் ஒன்றில், இருக்கை கிடைக்காமல் கம்பியைப் பற்றி நின்றுகொண்டிருந்தாள் சுசித்ரா. ஓசூரில் தனியார் பள்ளியொன்றில் புவியியல் கற்பிப்பவள் அவள்; அதிலும் இயற்கைப் புவியியல் என்னும் பகுதியே அவள் நெஞ்சுக்கு உகந்தது. நிலம் இங்கே ஏன் உயர்ந்தது, அங்கே ஏன் தாழ்ந்தது, விழுந்த மழை எவ்வழியே ஓடுகிறது, பாறை எவ்வாறு மணலாகிறது, காற்று எதனை எங்கிருந்து சுமந்து எங்கே இறக்குகிறது என்றெல்லாம் வினவும் கல்வி அது. மாந்தர் தோன்றுமுன்னரே தொடங்கி, மாந்தரைக் கேளாமலே இன்றும் நடந்துவரும் வேலைகளின் வரலாறு என்றும் சொல்லலாம். அத்துணைப் பெருமை வாய்ந்த பாடத்துக்குப் பள்ளியில் கிடைத்ததோ, பிள்ளைகள் கொட்டாவி விடும் கடைசி வேளை; அதனையும் தேர்வு நெருங்கினால் கணக்காசிரியர் கடன் கேட்டு வாங்கிக்கொள்வார், திருப்பித் தரும் வழக்கம் அவரிடம் இல்லை.

அன்றுகூட, ஏரிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாய் அமைந்து மேலேரியின் மிகைநீரைக் கீழேரி ஏற்பதனை அவள் கரும்பலகையில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தபோது, மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், இதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?" என்று கேட்டாள். "வேல கெடைக்காது. பரிச்சையில அஞ்சு மார்க் கெடைக்கும், உக்காரு" என்றாள் சுசித்ரா. வகுப்பு முழுதும் சிரித்தது; அவளும் சிரித்தாள். முதலாண்டில் இதே கேள்விக்கு மூச்சுவிடாமல் கால்மணி நேரம் விடை சொன்னவள்தான் அவள். கேள்வி மாறவில்லை, விடை சொல்லும் தெம்புதான் போய்விட்டது.

அவள் கணவன் இளம்பரிதி, ஊர்திகளுக்கு உறுப்பு வார்க்கும் தொழிற்கூடத்தில் முறை மாற்றி முறை உழைப்பவன். ஒரு கிழமை பகலில் உறங்கி, மறுகிழமை இரவில் உறங்கி, எப்போது உறங்கினாலும் போதாமல், கண்ணின்கீழ்க் கருமை படிந்தவன். ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவியில், தலைமுறை தலைமுறையாய்ப் பிறர் நிலத்தில் நட்டும் களைபறித்தும் கதிரறுத்தும் வந்த குடி அவன் குடி. தந்தை கரியப்பன் கண்மூடும்வரை சொந்தமென்று ஒரு சாண் மண்ணும் அறியாதவர். இளம்பரிதிக்கோ ஓசூருக்கு வந்த நாள்தொட்டுக் குடிக்கூலி வீடுகளே வாழ்வாயின. தண்ணீர் மிகுதியாய்ச் செலவாகிறது என்று ஒரு வீட்டுக்காரர் விலக்க, தம் மகனுக்கு வீடு வேண்டுமென்று மற்றொருவர் விலக்க, எந்த ஊர், எந்த வகுப்பு என்று நயமாய் வினவி விடையறிந்தபின் இன்னொருவர் கதவடைக்க, அடுப்பையும் பெட்டியையும் சுமந்து தெருத்தெருவாய் மாறியதில், அவ்விருவருக்கும் உயிரே அலுத்துப்போயிருந்தது. ஆகவேதான், கெலமங்கலத்துக்கு இப்பால் சிற்றூர் ஒன்றின் பெரிய ஏரிக்குக் கீழ்ப்பக்கம், பெரிய வீட்டுச் சம்பங்கி அம்மையின் மகன் சுரேந்தர் தம் நிலத்தைக் கூறுபோட்டு மனைகளாய் விற்றபோது, மற்றவற்றின் விலை எட்டாத உயரத்தில் நிற்க, தாழ்ந்த மூலையில் கிடந்த மனை ஒன்று தமக்கு எட்டக்கூடியதாய் இருப்பதைக் கண்டு, இளம்பரிதி அதனைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினான்.

சுசித்ராவின் கண் மூடியிருக்கவில்லை என்பதே இக்கதையின் துயரம். முதன்முதல் அம்மனையைப் பார்த்த அன்றே, இருமருங்கும் நிலம் உயர்ந்து இடையில் தாழ்ந்திருப்பதும், மூலையில் கோரைப்புல் தழைத்திருப்பதும், ஏரிக்கரையிலிருந்து புங்க மரங்கள் வளைந்து வளைந்து ஒரே வரிசையாய் அவ்விடம் நோக்கி வருவதும் அவள் நெஞ்சில் சிறு முள்ளாய்த் தைத்தன. எனினும், ஏரியே வறண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்த காலம் அது. சொல்லவேண்டும் என்று தோன்றிய சொல்லை அவள் விழுங்கினாள்.

பின்னர்க் கடைக்கால் தோண்டிய அன்று ஐயத்துக்கு இடமே இல்லாமற் போயிற்று. செம்மண்ணின் மேற்படலம் நீங்கியதும் வெண்மணல் வந்தது. மணலின்கீழ், விளிம்பெல்லாம் தேய்ந்து உருண்டு வழவழத்த கூழாங்கற்கள் வரிசையாய் வந்தன. அப்பக்கத்துப் பாறையில் உடைந்து அங்கேயே கிடக்கும் கல் கூர்மூலையோடு இருக்கும். நெடுந்தொலைவு நீரால் உருட்டப்பட்ட கல்லுக்குத்தான் அவ்வுருண்டை வாய்க்கும். ஒரு கல்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஓடையின் படுகையில் தன் வீட்டுக்குக் கடைக்கால் எழுகிறது என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்நேரம் பார்த்து, அவள் மாமி சென்னம்மா குழிக்குள் இறங்கி, ஒருபிடி மணலை அள்ளிக் கண்ணில் ஒற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "இத்தன வருசம் அடுத்தவங்க மண்ணுதான் என் கால்ல ஒட்டுச்சு. இது நம்ம மண்ணு சாமி" என்று அழுதாள். இளம்பரிதி தாயின் தோளைப் பற்றி நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவைச் சுசித்ரா மணநாளில்கூடக் கண்டதில்லை. அவள் வாய் தானே மூடிக்கொண்டது. கல்லைக் கைப்பையில் போட்டாள். அன்றுதொட்டு அது அப்பையிலேயே கிடந்தது. பேருந்துச் சீட்டுக்குச் சில்லறை துழாவும் போதெல்லாம் விரலில் இடறும்.

மழை வந்தது. எத்தனையோ ஆண்டுகளாய் ஏய்த்துவந்த மழை, எல்லைக்கு அப்பால் கன்னட நாட்டுக் குன்றுகளிலும் இப்பால் நம் குன்றுகளிலும் வேறுபாடு பாராமல் விடாது பொழிய, மேலேரிகள் நிரம்பிக் கீழேரிகளுக்கு வழிய, ஒரு ஞாயிறன்று காலையில் பெரிய ஏரி தளும்பி நின்றது. நிரம்பிய ஏரி வழிந்தோடும் வாயைக் 'கோடி' என்பர் அப்பக்கத்தார். கோடி போகும் நாளில் அவ்வூருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. புது முறம் ஒன்றில் மஞ்சளும் குங்குமமும் பச்சைக் கண்ணாடி வளையலும் வெற்றிலை பாக்கும் இரவிக்கைத் துணியும் பரப்பி, மற்றொரு முறத்தால் மூடிக் கட்டி, பெரிய வீட்டு மூத்த பெண்மணி அதனைக் கோடிநீரில் மிதக்கவிடுவாள். அம்முறம் மிதந்து சென்று எவர் நிலத்தில் தங்குகிறதோ, அவரிடம் கங்கையம்மனே விருந்து வந்தாள் என்பது நம்பிக்கை. ஊரார் மேளம் கொட்டி முறத்தின் பின்னே கரையோரம் நடப்பர். தங்கிய இடத்து மனையாளுக்கு அவ்வளையலை அணிவித்துக் குங்குமம் இடுவர்.

அன்று சம்பங்கி அம்மை கைவிட்ட முறம், ஊரார் நினைத்ததுபோல் நெல்வயற்பக்கம் திரும்பவில்லை. புதிதாய் எழுந்த தொழிற்கூட மதிலைத் தொட்டு ஒதுங்கி, சாலையடிக் குழாயில் நுழைந்து மறைந்து, மறுபக்கம் தலைகாட்டி, புங்க மரங்கள் வளைந்த இடமெல்லாம் தானும் வளைந்து, மனைப்பிரிவின் வண்ணக் கற்களைப் பொருட்படுத்தாமல் கடந்து, இளம்பரிதியின் பாதி எழுந்த கருங்கல் கடைக்காலுக்குள் நுழைந்து, வடகீழ் மூலையில் போய் இளைப்பாறி நின்றது. முழங்காலளவு செந்நீர் அங்கே சுழன்றுகொண்டிருந்தது.

ஊர் ஆர்த்தது. மனைப்பக்கம் மழைச்சேதம் பார்க்க வந்து நின்ற கணவனும் மனைவியும் என்னவென்று உணருமுன், மேளமும் மக்களும் அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். கூட்டத்தை விலக்கி வந்தாள் சம்பங்கி அம்மை. "ஏம்ப்பா இளம்பரிதி, கங்கம்மா தேடிவந்து ஒன் மனையில உக்காந்துட்டா பாருப்பா! அதுவும் ஈசானி மூலையில! ஒள்ளேதாகலி, ஒள்ளேதாகலி!" என்று, நல்லதாகட்டும் என்பதைக் கன்னடத்தில் இருமுறை சொல்லி வாழ்த்தினாள். மனை வாங்கிய நாளிலும் 'டா' என்றே அவனை விளித்த வாய் அது. அன்றுதான் முதன்முறையாக 'பா' என்றது. இளம்பரிதி அதனைக் கவனித்தான். அவன் கண் கலங்கியதைச் சுசித்ரா கவனித்தாள்.

அம்மை முறத்தை அவிழ்த்துக் குங்குமத்தைத் தொட்டுச் சுசித்ராவின் நெற்றிக்குக் கொண்டுவந்தாள். அக்குடும்பத்துப் பெண்டிர், சுசித்ராவின் வகுப்பில் பிறந்த எவளுக்கும் தம் கையால் குங்குமம் இட்டதாக அவ்வூரில் யார் நினைவிலும் இல்லை. அச்சிறப்பு நெற்றிக்கு ஒரு விரற்கடை அப்பால் வந்து நிற்க, கைப்பைக்குள் கிடந்த கல்லை அவள் விரல்கள் தாமே பற்றின. இந்தக் குங்குமத்தை ஏற்றுக்கொண்டால் இனி என்றைக்கும் வாய் திறக்க முடியாது என்பது அவளுக்குப் புரிந்தது.

"கொஞ்சம் நில்லுங்கம்மா" என்றாள். "மொறத்த கங்கம்மா கொண்டாந்து விடல. தண்ணிதான் கொண்டாந்துச்சு. தண்ணி அது போற வழியில போயி, பள்ளம் பாத்து நின்னுடுச்சு. இது ஓடைங்கம்மா. நாங்க ஓடைக்குள்ள ஊடு கட்டிக்கிட்டு இருக்கோம்."

மேளம் ஓய்ந்தது. "சுசி, நல்ல நேரத்துல என்ன பேச்சு இது?" என்று இளம்பரிதி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். அவள் கல்லை எடுத்து நீட்டினாள்.

"கடக்கால் தோண்டுன அன்னிக்கி எடுத்தது. எப்புடி உருண்டிருக்குது பாருங்க. இங்க வருசக்கணக்குல தண்ணி ஓடியிருக்குது."

"அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"அத்த மண்ண முடிஞ்சிக்கிட்டாங்க. ஒங்க மொகத்தப் பாத்தேன். எனக்கும் ஊடு மாத்தி மாத்தி அலுத்துப்போச்சுங்க. வராதுன்னு நெனச்சிக்கிட்டேன்."

இளம்பரிதி நீரில் நனைந்த கடைக்காலின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சினம் கொள்ளவும் வலுவேண்டும், இரவுமுறை முடித்து வந்தவனிடம் அதுவும் எஞ்சியிருக்கவில்லை. சம்பங்கி அம்மை குனிந்து அந்தச் செந்நீரைப் பார்த்தாள். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல், "கண்ணாலமாயி வந்த புதுசுல, இங்க ஒருதரம் தண்ணி ஓடி நானே பாத்திருக்கேன். அப்பறம் ஓடவே இல்ல. ஓடலன்னதும் நெலம்னு நெனச்சிட்டோம்மா" என்றாள். மறைத்து விற்கவில்லை, மறந்து விற்றார்கள். அதனால் இழப்புக் குறைந்துவிடவில்லை. குங்குமத்தை என்ன செய்வதென்று அறியாது நின்ற அம்மை, ஈற்றில், "வந்தது வந்ததுதான், கைய நீட்டு" என்று வளையல்களை மட்டும் சுசித்ராவின் கையில் ஏற்றிவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தாள். மேட்டில் கிடக்கும் தம் கேழ்வரகுக் கொல்லையில் மாற்றுமனை தரும்படி மகனிடம் சொல்வதாகப் பின்னர்ச் சொல்லியனுப்பினாள். அப்பேச்சு பேச்சாகவே நின்றது.

வீட்டுவேலை நின்றது, மழையும் நின்றது. தை பிறப்பதற்குள் நீர் வற்றி, நிலம் மீண்டும் ஒன்றும் அறியாததுபோல் உலர்ந்து கிடந்தது. ஆனால், அன்பரே, ஊர்வாய் எதனை ஏற்கும், எதனை உதறும் என்பது விந்தை. சுசித்ரா சொன்ன ஓடை அவ்வூர் எல்லையையும் தாண்டவில்லை. வடகீழ் மூலையில் முறம் தங்கிய கதையோ ஓசூர்த் தேநீர்க் கடைகள்வரை சென்றது. மனையை விலைக்குக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினர்.

"ஒருத்தருக்கு வித்துட்டு மேட்டுப்பக்கம் பாத்துக்கலாம்" என்றான் இளம்பரிதி, ஒருநாள் காலையில் சோற்றைப் பிசைந்தவாறே. "நாம பொய் சொல்லப்போறதில்ல. ஊரே சொல்லுது, அவங்க வந்து கேக்குறாங்க. நாம வாயத் தெறக்காம இருந்தாப் போதும்."

வாய் திறவாமல் இருப்பது எப்படி என்று அவளைவிட அறிந்தவர் இல்லை. ஒருமுறை மறைத்துக் கணவனுக்குத் தீங்கு செய்தவள், மறுமுறை உரைத்து அவன் பெற்ற சிறப்பைக் கெடுத்தவள். மூன்றாம் முறை எதனைச் செய்ய என்று அவளுக்கு விளங்கவில்லை. "ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அச்சொல்லைச் சொன்னதற்காக அன்று முழுதும் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாய் இருந்தது.

அடுத்த விடுமுறை நாளில் மனை பார்க்க வந்தவன் ஆனந்தராஜ் என்பான். தெற்குச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, இளம்பரிதியைப்போலவே வேறொரு தொழிற்கூடத்தில் முறை மாற்றி உழைப்பவன். அவன் கண்ணின்கீழும் அதே கருமை. உடன் அவன் மனைவி தங்கமணியும் வந்திருந்தாள். "இடம் பாக்கப் பாக்க மனசுக்கு நெறவா இருக்கு அண்ணாச்சி. ரெண்டு வருசத்துல நாலு வீடு மாறிட்டோம், பாத்துக்கிடுங்க" என்றான் ஆனந்தராஜ். தங்கமணியோ, வடகீழ் மூலைக்கு நேரே சென்று, "இங்கனதானே முறம் வந்து நின்னுச்சு? சாமி ரூம இங்கயே வச்சிருவோம்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, ஒருபிடி மணலை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இளம்பரிதி அதனைப் பார்த்தான். அதற்குமேல் அவனால் வாய்மூடி நிற்க முடியவில்லை. தன் தாய் அதே இடத்தில் குனிந்து அள்ளியது அவன் கண்முன் வந்து நின்றது. சுசித்ரா வாய் திறக்கவில்லை. திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவள்பக்கம் திரும்பிக் கையை நீட்டினான்.

"சுசி, அந்தக் கல்லக் குடு."

அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் அதனை ஆனந்தராஜின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான். "தடவிப் பாருங்க. மொனையே இல்ல பாத்தீங்களா? இத இந்த எடத்துலதான் தோண்டி எடுத்தோம். மேல இருந்து தண்ணி உருட்டி உருட்டிக் கொண்டாந்திருக்குது. அந்தப் புங்க மரம் வரிசையப் பாருங்க, அதான் அது வர்ற வழி. மொறம் வந்ததும் அந்த வழியிலதான். திரும்ப வருங்க. எப்பன்னு சொல்ல முடியாது, ஆனா வரும். அப்ப ஒங்க புள்ளைங்க உள்ள தூங்கிக்கிட்டு இருப்பாங்க."

ஆனந்தராஜ் கல்லையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தான். "விக்க வந்த நீங்களே இப்படிச் சொன்னா எப்படி அண்ணாச்சி?"

"விக்கலீங்க" என்றான் இளம்பரிதி.

அவர்கள் நன்றி சொன்னார்களா, நேரம் கெட்டதென்று நொந்தார்களா என்பது தெளிவாய்க் கேட்கவில்லை. தங்கமணி கைமணலை மெல்லத் தட்டிவிட்டுக் கணவனுக்குப் பின்னே சென்றாள். எஞ்சிய இருவரும் பேருந்து நிறுத்தம் நோக்கி மேட்டில் ஏறி நடந்தனர். பாதி வழியில் மூச்சுவாங்க நின்ற இளம்பரிதி, தாம் ஏறிவந்த சரிவைத் திரும்பிப் பார்த்தான். தாழ்நிலம் எங்கே தொடங்குகிறது, நீர் எவ்வளைவில் திரும்பும், எங்கே தேங்கும் என்பதெல்லாம் அவன் கண்ணுக்கு இப்போது தெரிந்தன. ஒருமுறை தெரிந்தபின் தெரியாததாக்க வழியில்லை. "ஸ்கூல்ல இதத்தான் சொல்லித் தர்றியா?" என்று கேட்டான்.

"ஆமாங்க."

"நல்லாச் சொல்லிக் குடு" என்றான் அவன். அதுவே அவன் அவளை மன்னித்த சொல். அவள் அழுதுவிட்டாள்.

கற்றறிந்த அன்பரே, இக்கல்வி எதற்கு என்று வினவிய அம்மாணவிக்கு மறுவாரம் கடைசி வேளையில் நேர்மையான விடையொன்று கிடைத்தது. தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது. சுசித்ராவும் இளம்பரிதியும் மேட்டுத் தெருவொன்றில் இன்னொரு குடிக்கூலி வீட்டில் குடிபுகுந்தனர். சென்னம்மாவின் சேலைத் தலைப்பில் முடிந்த மணல், இப்போது அவ்வீட்டு மாடத்தில் ஒரு சிமிழுக்குள் இருக்கிறது. எங்கோ ஒரு வீட்டில் ஆனந்தராஜின் பிள்ளைகள் நனையாமல் உறங்குகிறார்கள். தாம் எதனினின்று தப்பினோம் என்பது அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. அந்தத் தாழ்ந்த மனை இளம்பரிதி பெயரிலேயே கோரை மண்டிக் கிடக்கிறது. அடுத்து ஏரி கோடி போகும் நாளில், தன் பழைய வழி தேடி வரும் தண்ணீரைத் தடுக்க அங்கே சுவர் ஒன்றும் இராது.